நாலாம் எண்ணில் நின்றவன்

பிப்ரவரி 3, திங்கள்

காலை 5.40: எழுந்தேன். மோட்டார் போட்டேன், தண்ணீர் ஏறவில்லை. அடிவால்வில் குப்பை. நானே கழற்றிக் கழுவி மாட்டினேன். அழைப்பு எதுவும் இல்லை.

இந்தக் கடைசி வரியைப் பார்த்தாலே என் வீட்டுக்காரி பிச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "ரிட்டயர் ஆகிப் பத்தொம்பது வருசமாச்சு. இன்னும் எவன் வீட்டுல தீப்பிடிச்சு உங்களைக் கூப்பிடப் போறான்?" என்பாள். முப்பத்தாறு வருடம் தீயணைப்பு நிலையத்தில் பதிவேடு எழுதிப் பழகிய கை. நேரம் போட்டு நாலு வரி எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அது அவளுக்கு எங்கே புரியப் போகிறது.

11.15: நிலைய அலுவலர் பிருந்தா ஜீப்பில் வந்தார். சின்ன வயது, நல்ல சுறுசுறுப்பு. சிவப்பு ஜீப் தெருவுக்குள் நுழைந்ததைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் ஓடிப்போய் கேஸ் சிலிண்டரை மூடினார். 

சங்கதி இதுதான். நம் நகரத் தீயணைப்புப் படைக்கு எழுபத்தைந்து வயது ஆகிறதாம். அதற்காக அஞ்சல்தலை வெளியிடுகிறார்கள். ஏப்ரல் 14, தீயணைப்போர் நினைவு நாளில் விழா. அஞ்சல்தலையில் வரப்போகிற படம், 1976 மே 9, நூல் கிட்டங்கியில் (குடோன்) தீப்பிடித்த அன்று மாலையில் பத்திரிகைக்காரர் ஒருவர் எடுத்தது. வண்டிக்கு முன்னால் ஆறு பேர் கரி பூசின முகத்தோடு வரிசையாக நிற்கிற படம்.

"ஐயா, நாலாவதா பிராஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நீங்கதானே?" என்றார். பிராஞ்ச் என்பது தண்ணீர் ஓஸ் முனையில் மாட்டுகிற பித்தளைக் குழல்.

வண்டியில் ஏறும் ஆறு பேருக்கும் எண் உண்டு. எந்த எண் எங்கே உட்கார வேண்டும், இறங்கினால் எதைத் தூக்க வேண்டும் எல்லாம் எண்படிதான். யாரும் சொல்லாவிட்டாலும் போட்டோவுக்குக்கூட எண் வரிசையில்தான் நிற்போம், அப்படி ஊறிப்போன பழக்கம். அன்று காலை பெயர் கூப்பிட்டு எடுத்த ரோல்கால் பதிவேட்டை வைத்துக்கொண்டு பிருந்தா ஒவ்வொரு முகமாக எண்ணிப் பெயர் எழுதியிருந்தார்.

நாலாம் எண்: ஃபயர்மேன் 218, சேவுகப்பெருமாள் (நான்).

"மத்த அஞ்சு பேரும்?" என்று கேட்டார். போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றேன். பிச்சம்மாள் காப்பியோடு வந்து, சுவரில் மாட்டியிருக்கும் பாராட்டுப் பத்திரத்தைக் காட்டினாள். பிருந்தா அதைச் சத்தமாகவே வாசித்தார். "மீட்பின்போது தமது இடக்கைச் சுண்டுவிரல் முறிந்ததையும் பொருட்படுத்தாது, பரணில் சிக்கிய இரு குழந்தைகளை உயிருடன் மீட்ட..."

"அந்த விரலைக் காட்டுங்களேங்க" என்றாள் இவள். நான் இடது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தேன். காலையில் தண்ணீரில் அளைந்ததில் விறைப்பு.

பிப்ரவரி 4, செவ்வாய்

அழைப்பு இல்லை. தெரு முழுக்கப் பிச்சம்மாள் செய்தி சொல்லி முடித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரு ஸ்டாம்புல வரப்போறாரு." இஸ்திரி போடுகிறவர்கூட என் முதுகில் தட்டிவிட்டுப் போகிறார்.

பிப்ரவரி 6, வியாழன்

10.30: பிருந்தா போன் செய்தார். குரலில் தயக்கம். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சிக்கல். உயிரோட இருக்கிறவங்க முகத்தை அஞ்சல்தலையில போட மாட்டாங்களாம். அவங்க விதி அப்படி."

"அப்ப நான் ஏப்ரலுக்குள்ள கிளம்பணுமா?" என்றேன்.

"ஐயையோ, ஐயா!" 

நான்தான் சிரித்துச் சமாளித்தேன். ஆறு பேரில் என்னை மட்டும் எடுத்துவிட்டு ஐந்து பேராக வரையச் சொல்லப் போகிறார்களாம். அதற்குப் பதிலாக விழா மேடையில் எனக்கு நடு நாற்காலி, என் கையால் வெளியீடு. மார்ச் பத்தாம் தேதிக்குள் படத்தை முடிவு செய்து அனுப்ப வேண்டுமாம்.

பிச்சம்மாளிடம் சொன்னேன். "செத்தாத்தான் ஸ்டாம்பா? அப்படியாப்பட்ட ஸ்டாம்பு நமக்கெதுக்கு? நீங்க மேடையில உக்காருங்க போதும்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. 

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கோயிலுக்குப் போய் வந்தோம். அழைப்பு இல்லை. ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஏனோ இன்றைக்கு முழுக்க மரியசூசை நினைப்பு. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன், வேறு ஷிப்ட். என்னை 'மாப்ள' என்பான். என் உயரம், என் உடல்வாகு. அவன் சட்டையை நானும் என் சட்டையை அவனும் மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறோம். இறந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. 

பிப்ரவரி 17, திங்கள்

16.00: பிருந்தா வந்தார். ஓவியர் வரைந்து அனுப்பிய புதுப் படத்தைப் போனில் காட்டினார். ஐந்து பேர். மூன்றாம் ஆளும் ஐந்தாம் ஆளும் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் ஆள் நின்ற சுவடே இல்லை. பிராஞ்சையும் எடுத்துவிட்டார்கள். வண்டியின் கதவு மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

"நல்லா வந்திருக்கு" என்றேன்.

"எனக்கு என்னமோ மாதிரி இருக்குய்யா. பிள்ளைகளைத் தூக்கிட்டு வந்தவரே படத்துல இல்லை" என்றார் அவர். பழைய போட்டோவின் பெரிய பிரதி ஒன்றை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன். மாவு புளித்துவிட்டது என்று சொன்னேன். புளிக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று தெளிவாகிறது. அஞ்சல்தலை எவ்வளவு பெரியது? இரண்டு விரல் அகலம். அதில் ஒரு வண்டி, ஆறு ஆள். ஒரு முகம் கடுகளவுகூட வராது. யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியப் போவதில்லை. ஆளாளுக்கு எச்சில் தொட்டு ஒட்டி, மேலே முத்திரை குத்தி, குப்பையில் போடப் போகிறார்கள். இதற்குப் போய் மண்டையை உடைத்துக்கொள்வானேன்?

மே 9 அன்று சூசைக்கு வார ஓய்வு. பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. பதிவேட்டில் இருப்பதுதான் நடந்தது. நாற்பத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

அவன் பீடி சிகரெட் தொடாதவன். ஆனாலும் நெஞ்சைப் பிளக்கிற மாதிரி இருமுவான்.

அழைப்பு இல்லை.

பிப்ரவரி 26, புதன்

விழாவுக்குப் போட வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தோள் தொங்குகிறது, ஆள் இளைத்துவிட்டேன். பிடித்துத் தைக்க அமலியிடம் கொடுத்து வரலாம் என்று கிளம்பினேன். அமலி, சூசையின் மகள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். ஊரில் வேறு தையல்கடை இல்லையா என்றால், இருக்கிறது. போட்டோப் பிரதியை எதற்குப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன் என்றால், அது தெரியவில்லை.

"வாங்க மாமா! என்னா இம்புட்டு எளைச்சிட்டீங்க? அத்தை சோறு போடுறதில்லையா?" என்று நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டாள். அவளுக்கும் ஐம்பது ஆகிவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறாள். கடைச் சுவரில் சூசை படம். வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கியது, ஒரு கண் அரைகுறையாக மூடியிருக்கும். "காக்கிச் சட்டையில அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்ல மாமா. எத்தனை பேர்கிட்ட கேட்டுட்டேன்" என்று முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அஞ்சல்தலை விஷயம் அவளுக்கும் எட்டியிருக்கிறது. "அந்தப் போட்டோ இருக்கா மாமா?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். "இந்தா நாலாவதா நிக்கிறது எங்கப்பா மாதிரியே இருக்கு மாமா. இப்படித்தான் ஒரு கால்ல கனத்தைப் போட்டு, கட்டைவிரலைப் பெல்ட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நிப்பாரு."

"அது நான்தாம்மா" என்றேன்.

"அப்படியா" என்றாள். இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ஆமா, ரெண்டு பேரும் ஒரே ஒசரம்ல" என்று சொல்லிப் போட்டோவைப் பத்திரமாக உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சட்டைக்கு அளவெடுத்தாள். அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

வரும் வழியில் மாத்திரை வாங்கினேன். மின்கட்டணம் கட்டினேன். அழைப்பு இல்லை.

மார்ச் 1, சனி

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாமல் மூன்று நாள் பார்த்தாயிற்று.

படத்தில் நாலாவதாக நிற்பது நான் இல்லை.

1976-இல் எனக்கு வாலிபால் பைத்தியம். பக்கத்து ஊர் மில் அணிக்கு வலையோரம் நின்று அடிக்கிற ஆள் நான். மே 9 ஞாயிறு இறுதி ஆட்டம். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. சூசை சொன்னான்: "நீ போ மாப்ள. நாளைக்கு எனக்கு ஓய்வுதான. ரோல்கால்ல உன் பேருக்கு நான் குரல் குடுக்குறேன்." இது அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். பெயர் கூப்பிடும்போது வேறொருவன் 'ஆஜர்' என்பான், அவன் எண்ணில் ஏறிக்கொள்வான். எண்ணுக்கு ஆள் இருந்தால் சரி, எழுதுகிறவர் தலையை நிமிர்த்திப் பார்க்க மாட்டார். அன்று காலை எட்டு மணிக்கு சேவுகப்பெருமாள் என்று கூப்பிட்டதும் "ஆஜர், சார்!" என்றவன் மரியசூசை.

பகல் இரண்டரைக்கு நூல் கிட்டங்கியில் தீ. ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய கட்டடம். காவல்காரர் பிள்ளைகள் இரண்டும் பரணில். புகையில் ஏணி வைத்து ஏறி, ஒன்றை முதுகிலும் ஒன்றை இடுப்பிலுமாகக் கொண்டுவந்தது சூசை. அதே நேரத்தில் நான் நாற்பது மைல் தள்ளி, வலைக்கு மேல் வந்த பந்தைத் தடுக்கக் கை நீட்டிச் சுண்டுவிரலை ஒடித்துக்கொண்டேன். ஜெயித்தோம். கோப்பையோடு ஊர்வலம் வேறு.

மாலை பஸ்ஸில் வந்து இறங்கினபோது பஸ் நிலையமே தீயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஓடினேன். போட்டோ எடுத்து முடித்துப் பத்திரிகைக்காரர்கள் போய்விட்டார்கள். சூசை நிலையத்துப் படியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். குடிப்பதும் இருமுவதுமாக இருந்தான்.

அன்றைய நிலைய அலுவலர் பத்மநாபன் சார், ஓய்வுபெற மூன்று மாதம் இருந்தது. எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். "புத்தகத்துல எவன் பேரு இருக்கோ அவன்தான் போனான். மாத்தி எழுதுனா மூணு பேரு சீட்டும் கிழியும்" என்றார். அப்புறம் என் கையைப் பார்த்தார். "இது எங்க ஒடிஞ்சது?" நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "தீயிலதான் ஒடிஞ்சது" என்று அவரே சொல்லி, எழுதியும் விட்டார்.

"விடு மாப்ள, பிள்ளைக ரெண்டும் பொழைச்சிருச்சுக. யாரு தூக்குனா என்னா?" என்றான் சூசை. நானும் விட்டுவிட்டேன். அடுத்த வருடம் பதக்கம் வந்தது. அதற்கு அடுத்த வருடம் பதவி உயர்வு.

இப்போது நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்காகச் செத்தவன் முகத்தை அழிக்கிறார்கள். 

மார்ச் 3, திங்கள்

பிச்சம்மாளிடம் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். அழுவாள், இல்லாவிட்டால் ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன்.

"அப்ப ஒவ்வொரு மார்கழிக்கும் உக்காந்து அந்த விரலுக்கு நான் தடவுன எண்ணெயெல்லாம் வாலிபாலுக்கா?" என்றாள்.

நான் இடது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.

"கல்யாணத்தன்னைக்கு எங்கப்பா அந்த விரலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. இந்த ஊருலயே என் மகளுக்குத்தான் வீரன் கெடைச்சான்னாரு. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" 

சொல்லியிருக்கலாம்தான்.

இரவு உப்புமா. எனக்கு உப்புமா பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். 

மார்ச் 4, செவ்வாய்

காலை உப்புமா. மதியம் பேச்சு இல்லை. அழைப்பு இல்லை.

மாலையில் பீரோவைத் திறந்து பதக்கத்தையும் அதன் டப்பாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். சுவரில் இருந்த பத்திரத்தையும் கழற்றித் துடைத்து வைத்தாள். "காலையிலயே போயிருங்க. வெயில் ஏறுனா தலை சுத்தும் உங்களுக்கு" என்றாள். நேற்றிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

மார்ச் 5, புதன்

9.20: நிலையம் போய்ச் சேர்ந்தேன். பையன்கள் ஓஸ் கழுவிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எழுந்து சல்யூட் வைத்தார்கள்.

பிருந்தாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். முடித்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஐயா, நான் நம்புறேன். ஆனா மேலே அனுப்பணும். அந்த அஞ்சு பேரும் இல்லை, அலுவலரும் இல்லை. சாட்சின்னு கேட்டா?"

பத்திரத்தை மேஜையில் வைத்தேன். பக்கத்தில் போட்டோ. "மேடம், மீட்பின்போது விரல் ஒடிஞ்சதுன்னு இதுல இருக்கு. மீட்டது பகல்ல. போட்டோ எடுத்தது சாயங்காலம். நாலாம் ஆள் இடதுகையில பிராஞ்சை எப்படிப் பிடிச்சிருக்கான்னு பாருங்க."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஐந்து விரலும் பித்தளையைச் சுற்றிச் சரியாக இருந்தன, சுண்டுவிரலும். பிறகு என் இடது கையைக் கேட்டார். முதல் தடவையாகத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கோணிப்போன விரல், மடங்காது.

"இத்தனை வருசம் எங்க எல்லாருக்கும் உங்க கதையைச் சொல்லித்தான் டிரில் எடுப்பாங்க" என்றார் மெதுவாக. கோபமா வருத்தமா தெரியவில்லை. இரண்டுமாக இருந்தாலும் நியாயம்தான்.

பழைய பதிவேட்டை எடுத்து வந்தார். பழுப்பேறிய தாள். எங்கள் வேலையில் எழுதினதை அழிக்கக் கூடாது, மேலே மேலே எழுதவும் கூடாது. தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு. பழையது படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். என் பெயர் மேல் ஒரு கோடு போட்டேன். ஃபயர்மேன் 231, மரியசூசை. பிருந்தா கீழே கையெழுத்துப் போட்டார். தனியாக இரண்டு பக்க வாக்குமூலமும் எழுதிக் கொடுத்தேன். பதக்கத்தை ஒப்படைத்து ரசீது வாங்கினேன்.

"அப்ப இந்த ஆறு பேருமே இறந்தவங்க. படம் அப்படியே போகலாம்" என்றார்.

மார்ச் 6, வியாழன்

அமலியிடம் சொன்னேன்.

தைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. அந்தத் தையலை ஓரம் வரை ஓட்டி முடித்து, நூலைக் கத்தரித்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு மெடல் குடுத்தப்ப அப்பா எங்க இருந்தாரு?"

"அணிவகுப்புல நின்னான். கலைஞ்சதும் மொத ஆளா ஓடி வந்து என்னையக் கட்டிப் பிடிச்சான்."

"அந்த இருமல்?"

இதைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் வழி நெடுக வேண்டிக்கொண்டு போனேன். ஒன்றாம் தேதி அத்தனை எழுதியும் இதை எழுதவில்லை. அந்தப் புகையில் வந்ததுதான் அந்த இருமல். நாற்பத்து நாலு வயதில் வேலைக்கு லாயக்கில்லை என்று அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். பணியில் வந்த நோய் என்று டாக்டர் எழுதத் தயாராக இருந்தார், எந்தத் தீயில் என்று கேட்டார். மே 9 அன்று பதிவேட்டில் அவனுக்கு ஓய்வு. சூசை என்னைப் பார்த்தான். நான் அப்போது லீடிங் ஃபயர்மேன், பக்கத்தில்தான் நின்றேன். "எந்தத் தீயும் இல்ல டாக்டர், சளிதான்" என்று அவனே சொல்லிவிட்டான். அமலி பத்தாவதோடு தையல் மிஷினில் உட்கார்ந்தது அந்த வருடம்தான்.

"அன்னைக்கு ஆரம்பிச்சதும்மா" என்றேன்.

அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். "போங்க மாமா. இப்பப் போங்க" என்றாள்.

சட்டையைக் கேட்கவில்லை. வந்துவிட்டேன். திட்டியிருந்தால் தேவலாம்.

மார்ச் 9, ஞாயிறு

மகன் கோயம்புத்தூரில் இருந்து போன். "யாருப்பா கேட்டா உங்களை? எதுக்கு இப்பப் போய்?" பாவம், அவன் பிள்ளைகளிடம் என்ன சொல்வான். யாரும் கேட்கவில்லை என்றுதான் சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

12.05: பிருந்தா போன் செய்தார். மேலே விசாரித்தார்களாம், போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்களாம். ஆறு பேரோடு அச்சுக்குப் போகிறது. என் மேல் என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. எழுபத்தேழு வயதுக்காரனை என்ன செய்வார்கள், செய்யட்டும்.

நடு நாற்காலி கிடையாது. வந்தால் பார்வையாளர் வரிசையில் உட்காரலாம் என்றார். வருவேன் என்றேன்.

மதியம் பிச்சம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். "கையைக் குடுங்க." மார்கழி இல்லையே என்றேன். "வாயை மூடிக்கிட்டு குடுங்க" என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி, வடை. பழைய சட்டையையே போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

10.00: நிலைய மைதானம். பந்தலில் கடைசி வரிசையில் நானும் பிச்சம்மாளும். தெரிந்த முகங்கள் சில பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. இஸ்திரிக்காரர் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வெயில் பாத்தீங்களா" என்றார். அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

மேடையில் ஆறு குடும்பத்துக்கு ஆறு நாற்காலி. நாலாவதில் அமலி, நீலச் சேலையில், மடியில் கையைக் கோத்துக்கொண்டு. என் பக்கம் பார்க்கவில்லை.

மௌன அஞ்சலி முடிந்ததும் பிருந்தா மைக்கில் சொன்னார்: "இன்னைக்கு அந்த ஆறு பேருக்கும் ரோல்கால் எடுக்கிறோம். பேரைச் சொன்னதும் குடும்பத்தார் எழுந்து 'ஆஜர்' சொல்லணும்." முதல் எண், ஒரு பேரன் எழுந்து சொன்னான். இரண்டு, மூன்று.

"நாலாம் எண். ஃபயர்மேன் 231, மரியசூசை."

அமலி எழுந்தாள். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிருந்தா காத்திருந்தார். மைதானமே காத்திருந்தது. ரோல்காலில் பெயர் கூப்பிட்டு பதில் வராமல் இருப்பது என்றால் என்ன என்று அந்த வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். தீக்குள் போனவன் திரும்பவில்லை என்று அர்த்தம். 

"மரியசூசை" என்றார் மறுபடியும்.

"ஆஜர், சார்!"

நான்தான். எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை. காலை ஒட்டி வைத்து, கைகளை விறைப்பாக இறக்கி, முப்பத்தாறு வருடம் கத்தின அதே தொண்டையில் கத்தியிருக்கிறேன். அத்தனை தலையும் திரும்பியது. அமலியும் பார்த்தாள்.

பிருந்தா தாளைப் பார்த்து, "ஐந்தாம் எண்" என்று வாசித்தார்.

உட்கார்ந்ததும்தான் உறைத்தது. ஆயிரம் பேர் நடுவில் அவன் மகள் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். திரும்பவும் அவன் இடத்தில் போய் நின்றுவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. "நாக்கு சும்மா இருக்காதா உங்களுக்கு" என்று பிச்சம்மாள் முணுமுணுத்தாள். ஆனால் என் கையைப் பிடித்திருந்தாள், வீடு வரும் வரை விடவில்லை.

வெளியே மேஜை போட்டு விற்றார்கள். ஒரு அஞ்சல்தலை வாங்கினேன். கடுகளவு முகம் என்று எழுதியிருந்தேன் அல்லவா, தப்பு. மிளகளவு இருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

அழைப்பு இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை 6.00: எழுந்தேன். மோட்டார் சரியாக ஓடுகிறது.

15.40: தபால்காரர் வந்தார். எங்கள் வீட்டுக்குக் கடிதம் என்று ஒன்று வந்து எத்தனை வருடம் ஆகிறது! பிச்சம்மாள்தான் வாங்கினாள். "உள்ளூர்த் தபால்தான்" என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

உறையின் மேல் அந்த அஞ்சல்தலை. முத்திரை சாய்வாக விழுந்து முதல் மூன்று பேரையும் கறுப்பாக்கிவிட்டிருக்கிறது. நாலாவது ஆள்மேல் மை படவில்லை. ஒரு காலில் கனத்தைப் போட்டு, கட்டைவிரலைப் பெல்ட்டில் விட்டுக்கொண்டு நிற்கிறான்.

உள்ளே ஒரே ஒரு தாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்து இங்கே வர நடந்தால் கால் மணி நேரம் ஆகாது. மெனக்கெட்டு எழுதி, ஒட்டி, பெட்டியில் போட்டிருக்கிறாள்.

'மாமா, சட்டை தைத்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது. நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும். அன்றைக்கு எனக்குக் குரல் வரவில்லை. அப்பாவுக்கு நீங்கள் குரல் கொடுத்ததற்கு ஒன்றும் சொல்வதற்கில்லை, சரிதான். ஆனால் மற்றதுக்கெல்லாம் நான் இன்னும் உங்களிடம் நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது. உட்கார நேரம் வைத்துக்கொண்டு வரவும். அமலி, மரியசூசை மகள்.'

இரண்டு தடவை படித்தேன். அப்புறம் இந்த நோட்டைப் பின்னால் புரட்டி பிப்ரவரி 3-க்குப் போனேன். அங்கே நாலாம் எண் என்று எழுதியிருந்த வரியில் என் பெயர் மேல் ஒரு கோடு, ஒரே கோடு. பக்கத்தில்: ஃபயர்மேன் 231, மரியசூசை. திருத்தம் என்னால் செய்யப்பட்டது. சேவுகப்பெருமாள், 22.4.2025.

பிச்சம்மாள் கூடையில் வடகம் போட்டுக் கட்டிவைத்திருக்கிறாள், அமலிக்கு. "கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு வாங்க. பாதியில எந்திரிச்சு வந்துராதீங்க" என்றாள்.

அழைப்பு: ஒன்று.

16.20: புறப்பட்டேன்.